குறவைக்கு முப்பத்திரண்டு

மீனின் குரோமோசோமைப் பார்க்க வேண்டுமென்றால் மீன் உயிரோடு வேண்டும். எங்கள் தொழிலின் பாதிப் பாடு இதற்குள் அடங்கிவிடும். டி.என்.ஏ. பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. சந்தையில் ஐஸில் கிடக்கும் மீனின் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி, ஆல்கஹால் குப்பியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். எங்களுக்குப் பிரிந்துகொண்டிருக்கும் செல் வேண்டும். குரோமோசோம்கள் எந்நேரமும் கண்ணில் படுவதில்லை. செல் இரண்டாகப் பிரியப்போகும் கொஞ்ச நேரம் மட்டும் சுருண்டு தடித்துத் தனித்தனியாகத் தெரியும். செத்த மீனில் எந்தச் செல்லும் பிரியாது. அதனால் பரிசல் கரை சேரும் நேரத்துக்கு நாங்கள் அணைக்கரையில் நிற்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பவானிசாகர் கரையில் அடிக்கடி இந்தப் பேச்சு நடக்கும்.

"ஏனுங்க அம்மணி, இது இப்பத்தான் செத்துச்சு. பாதி வெலைக்குத் தர்றேன், எடுத்துக்கிறீங்களா?"

"இல்லீங்ணா, உசுரோடதான் வேணும்."

"கொழம்புக்கு எதுக்குங்க உசுரு?"

"கொழம்புக்கு இல்லீங்ணா. எண்ணிப் பாக்கறதுக்கு."

"மீனையா?"

"மீனுக்குள்ள இருக்கறதைங்ணா."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துள்ளிக்கொண்டிருந்ததை எடுத்துத் தனியாகப் போடுவார். விலை மட்டும் ஒரு பங்கு கூடிவிடும்.

உயிரோடு கொண்டுவருவதிலும் மீனுக்கு மீன் வித்தியாசம் உண்டு. விரால், குறவை வகைகள் மேலே வந்து காற்றைக் குடிப்பவை. ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாளியில் வைத்தால் சத்தியமங்கலத்திலிருந்து கோயம்புத்தூர்வரை சமாளித்துக்கொள்ளும். வாளிக்கு மூடி மட்டும் இறுகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் நடத்துநர் காலடியில் கிடக்கும். கெண்டை இனம் அப்படியில்லை. ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பை, வெயில் படாத இடம், குலுங்காத சாலை என்று எல்லாம் அமைந்தாலும் பாதி வழியில் வயிற்றைத் திருப்பிவிடும். அதனால் அணைக்கரையிலேயே ஊசியைப் போட்டு, அங்கேயே செல்லைப் பதப்படுத்திக் குப்பியில் எடுத்துவரும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

ஊசியில் இருப்பது கோல்ச்சிசின். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகளை இது உருவாகவிடாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் நடுவழியில் நின்றுவிடும். பிரிவின் அந்தக் கட்டத்தில் நிற்கும் செல்தான் நமக்கு வேண்டியது. இளமஞ்சள் பொடியாகச் சின்னக் குப்பியில் வரும் இந்த மருந்தை நாங்கள் பொன்னைப் போல எடைபோட்டுக் கரைப்போம். அதே பொருள் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காடுகளில் விளையும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருக்கிறது என்று எங்கள் பேராசிரியர் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. கண்வலிக்கிழங்கு என்பது செங்காந்தள், நமது மாநில மலர். விவசாயிகள் அதைக் கம்பி கட்டி ஏற்றி, விதையை ஏற்றுமதிக்கு விற்கிறார்கள். ஊசி போட்ட மீனைக் குழம்பு வைக்கக் கூடாது என்பதை ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் உதவியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். நல்ல விரால் வீணாகிறதே என்ற வருத்தம் அவர்களுக்கு இருக்கும். எனக்கும் உண்டு.

0.05 சதவீதக் கரைசல், 100 கிராம் மீனுக்கு ஒரு மில்லி என்பது எங்கள் வாடிக்கை. பிறகு மீனைக் காற்றேற்றும் தொட்டியில் விட்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். நேரம் குறைந்தால் செல் அகப்படாது. கூடினால் குரோமோசோம்கள் மேலும் மேலும் சுருங்கிப் புள்ளியாகிவிடும். எண்ணிக்கை தெரியும், உருவம் தெரியாது. அதன்பின் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி, மீனைத் திறந்து முன்சிறுநீரகத்தை எடுப்போம். செவுளுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, கருஞ்சிவப்பாகக் கிடக்கும் திசு அது. நமக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதுபோல மீனுக்கு அங்கேதான் ஊறுகிறது. அதனால் பிரியும் செல்கள் அங்கே நிறைய உண்டு.

அந்தத் திசுவைப் பொட்டாசியம் குளோரைடின் நீர்த்த கரைசலில் மசித்து வைத்தால், செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். உள்ளே நெருக்கியடித்துக் கிடந்த குரோமோசோம்கள் விலகி இடம் பிடிக்கும். இந்த நீர்த்த கரைசல் இல்லாமல் எங்கள் தொழிலே இல்லை. 1952இல் டி.சி. ஷூ அமெரிக்காவில் மனிதச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ உப்பை அளவு குறைத்துக் கலந்துவிட்ட கரைசலில் செல்களைக் கழுவப்போய், குரோமோசோம்கள் அழகாகப் பரவிக் கிடந்ததைக் கண்டார். அதற்கு முன், 1923இல் பெயின்டர் மனிதனுக்கு 48 என்று எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நுண்ணோக்கியில் குனிந்தவர்களெல்லாம் 48தான் எண்ணினார்கள். 1956இல் ஜியோவும் லெவானும் 46 என்று எழுதிய பிறகுதான் உலகம் 46 எண்ணத் தொடங்கியது. புத்தகத்தில் ஓர் எண் இருந்தால் கண் அந்த எண்ணைத்தான் எண்ணும். எங்கள் பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு, ஸ்லைடில் மீன் பெயரை எழுதவே கூடாது என்று விதி வைத்தார். வெறும் குறியீட்டு எண் மட்டும். எது எந்த மீன் என்ற பதிவேடு அவர் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். எண்ணி முடித்த பிறகே திறப்பார். இன்றைக்கும் என் மாணவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காத விதி அது ஒன்றுதான்.

அடுத்தது மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. அதில் செல்களைப் பதப்படுத்தி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, கழுவி, மறுபடி சுழற்றி, கடைசியில் பிப்பெட்டால் ஒரு துளியைக் கண்ணாடி ஸ்லைடில் விடுவோம். இங்கேதான் கைப்பழக்கமும் வானிலையும் கலக்கின்றன. வெளிநாட்டுக் கட்டுரைகளில் "துளியை விட்டு உலரவிடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் ஊர் அக்னி நட்சத்திரத்தில் துளி பரவுவதற்கு முன்பே உலர்ந்து, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அதே கை, அதே உயரம், அதே கரைசல் வைத்தால் பிரமாதமாக விரியும். சில சமயம் அளவுக்கு மீறி விரிந்து, செல் உடைந்து, பக்கத்துச் செல்லின் குரோமோசோம் இங்கே வந்து கலந்துவிடும். அதனால் வெயில் காலத்தில் ஸ்லைடைக் குளிர்ந்த நீரில் நனைத்தெடுத்து, வெந்நீர்த் தொட்டியின் ஆவிமேல் ஒரு கணம் காட்டிவிட்டுத் துளியை விடுவோம். எந்தப் பாடப் புத்தகத்தில் இது இருக்கிறது என்று ஒரு தேர்வாளர் கேட்டார். ஜன்னலைத் திறந்து வெளியே பாருங்கள் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் வைத்து, நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால் குரோமோசோம்கள் ஊதா நிறத்தில் கிடக்கும். மீன் குரோமோசோம்கள் பொடி. பலவும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரண்டு பங்கு நீளம்தான். இப்போது கேமரா நேராகக் கணினிக்குள் படத்தை அனுப்பிவிடுகிறது. அன்று இருட்டறையில் ஃபிலிம் கழுவி, புரோமைடு தாளில் பெரிதாக்கி அச்சிட்டு, நகக் கத்திரியால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி எடுப்போம். வெட்டிய துண்டு ஒன்று அரிசி மணி அளவு இருக்கும். மே மாதத்திலும் மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் உட்காருவோம். ஒரு தும்மல் போதும், ஜோடிகள் மேஜைக்கடியில் சிதறிவிடும். வியர்வை சொட்டச் சொட்ட, நீளத்தில் ஒத்ததையும் இடுக்கின் இருப்பிடத்தில் ஒத்ததையும் தேடி ஜோடி சேர்த்து, பெரியதிலிருந்து சிறியதுவரை அட்டையில் ஒட்டுவோம். சென்ட்ரோமியர் என்பது அந்த இடுக்கு. அதற்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. நீண்ட கையின் நீளத்தைக் குட்டைக் கையின் நீளத்தால் வகுத்தால் வரும் எண்ணை வைத்து லெவான் குழுவினர் 1964இல் வகுத்த பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1.7 வரை நடு இடுக்கு, 3 வரை சற்று விலகியது, 7 வரை இன்னும் விலகியது, 7க்கு மேல் போனால் நுனி இடுக்கு. நுனி இடுக்குக் குரோமோசோமை நாங்கள் பேச்சில் ஒற்றைக்கை என்போம். ஒட்டி முடித்த அட்டையில் எனக்குக் கண்ணில் படுவது எண்ணிக்கை அல்ல, இந்தக் கைகள்தான்.

குறவைக்கு வருகிறேன்.

பங்குனியில் குட்டைகள் வற்றும்போது பையன்கள் சேற்றைக் கலக்கிப் பிடித்து வாளியில் போட்டுவருவார்கள். என்னடா மீன் என்றால் "கொரவை" என்பார்கள். வாளிக்குள் இரண்டு வகை இருக்கும். ஒன்று உடம்பில் கரும்புள்ளி தெளித்தது. மற்றது சற்றுக் குட்டை, துடுப்போரம் செம்மஞ்சளாக மின்னும், சின்ன ஓடைகளில் கல்லிடுக்கில் கிடப்பது. இரண்டையும் ஒரே கையால் அள்ளி ஒரே விலைக்குக் கொடுப்பார்கள். ஸ்லைடில் முதலாவதற்கு 32, இரண்டாவதற்கு 52. இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. சானா பங்டேட்டா, சானா காச்சுவா என்ற பெயர்களில் இந்திய ஆய்வாளர்கள் எங்களுக்கு முன்பே எழுதிவைத்தது. ஆனால் பெயர் எழுதாத ஸ்லைடில் நாமே எண்ணி, இழுப்பறை திறந்து பதிவேட்டைப் பார்க்கும்போது வரும் நிறைவு தனி. விராலுக்கு 40, அவுரி என்றும் பூவிரால் என்றும் சொல்லும் பெரிய வகைக்கு 44. ஒரே பேரினம், ஒரே முகச்சாயல், இத்தனை எண்கள். நாம் வளர்க்கும் பெருங்கெண்டைகளில் இப்படி இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் எதை எடுத்தாலும் 50. எத்தனை மீனை வெட்டினாலும் அதே 50 வந்து சலித்துப்போகும்.

குறவையின் 32 எப்படி வந்தது? எலும்பு மீன்களில் 48 ஒற்றைக்கைக் குரோமோசோம்கள் என்பதே பழைய அமைப்பு என்பது பலரின் கருத்து. இரண்டு ஒற்றைக்கைகள் இடுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் ஓர் இரட்டைக்கை ஆகும். செய்தி எதுவும் பெரிதாகத் தொலைவதில்லை, மூட்டை மட்டும் மாறுகிறது. ஜோடிக் கணக்கில் இப்படி எட்டு இணைப்பு நடந்தால் 48 என்பது 32 ஆகிவிடும். கணக்கு இதோடு முடிந்தால் சௌகரியம்தான். ஆனால் இணைப்பில் கைகளின் எண்ணிக்கை மாறக் கூடாது, 48 கைகளே இருக்க வேண்டும். குறவையின் 32இல் பெரும்பாலானவை இரட்டைக்கைகள் என்பதால் கைகளை எண்ணினால் 48ஐ நன்றாகத் தாண்டுகிறது. ஆக, ஒட்டிக்கொண்டது மட்டுமல்ல, குரோமோசோமின் ஒரு துண்டு அறுந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டி, இடுக்கு நுனியிலிருந்து உள்ளே நகர்ந்த நிகழ்ச்சிகளும் இருந்திருக்க வேண்டும். எண்ணிக்கையோடு கைகளையும் எண்ணு என்று மாணவர்களைப் படுத்துவது இதற்காகத்தான்.

விராலிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்திய விராலுக்கு 40 என்றால், தாய்லாந்தில் அதே பெயரில் எண்ணப்பட்டதற்கு 42. பெயர் ஒன்று, ஆனால் ஆற்றுக்கு ஆறு பிரிந்துபோன கிளைகள் அதற்குள் இருக்கின்றன. கெளுத்தியில் இது இன்னும் அப்பட்டம். கிளாரியஸ் பட்ராக்கஸ் என்று நம் பாடப் புத்தகங்கள் எழுதிவந்த இந்திய மீனுக்கு 50. அதே பெயருள்ள தாய்லாந்து மீனில் நூறும் அதற்கு மேலும் எண்ணப்பட்டிருக்கிறது. 50க்கும் 100க்கும் நடுவில் "அச்சுப் பிழையாக இருக்கும்" என்று கடந்துபோக முடியாது. ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்கள் நூலில் மாகுர் என்று பெயரிட்ட மீன்தான் வட இந்தியாவில் கிடைப்பது, அது வேறு இனம் என்று பின்னர் வகைப்பாட்டாளர்கள் பிரித்தார்கள். கைவசம் குரோமோசோம் எண்ணிக்கை வெகுநாளாகவே இருந்தது. பெயரை மாற்றத்தான் நேரம் பிடித்தது.

எங்கள் தொழிலில் எல்லோரும் ஏக்கத்தோடு பேசும் மீன் ஒன்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் ஹோப்ளியஸ் மலபாரிக்கஸ். மலபாருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெர்லினில் இருந்த பிளாக் 1794இல் பெயர் வைக்கும்போது எங்கிருந்து வந்தது என்பது குழம்பிவிட்டது. தரங்கம்பாடியிலிருந்து ஜான் பாதிரியார் அனுப்பிய மீன்களும் அவரிடம் நிறைய இருந்தன. நம் விராலுக்கும் குறவைக்கும் 1793இல் அறிவியல் பெயர் வைத்தவரும் அவரே. அந்த ஹோப்ளியஸை பிரேசிலில் பெர்டோலோ குழுவினர் ஆறு ஆறாகப் பிடித்து எண்ணியபோது, வெளியே ஒன்றுபோல இருக்கும் ஒரே "இன"த்துக்குள் ஏழு குரோமோசோம் வடிவங்கள் அகப்பட்டன. 2000ஆம் ஆண்டில் வந்த அவர்களின் தொகுப்பில் ஏ முதல் ஜி வரை பெயரிட்டிருக்கிறார்கள். ஒன்றில் ஆண் பெண் இரண்டுக்கும் 42. இன்னொன்றில் பெண்ணுக்கு 40, ஆணுக்கு 39. மற்றொன்றில் பெண்ணுக்கு 40, ஆணுக்கு 41. ஆணுக்கும் பெண்ணுக்கும் எண்ணே வேறு என்றால், பாலினக் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிப் புது ஏற்பாடு ஆகியிருக்கிறது என்று பொருள். ஒரே இடத்தில் இரண்டு வடிவங்கள் சேர்ந்து வாழ்ந்தும் அவற்றுக்கிடையே கலப்பு காணப்படவில்லை. அங்கே ஒரு மீனுக்கு ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் உட்கார்ந்தார்கள். நம் விராலுக்கு யாரும் அப்படி உட்காரவில்லை என்பது என் மனக்குறை. காவிரி விரால், வைகை விரால், தாமிரபரணி விரால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை பார்க்க ஒரு முழு ஆயுள் தேவை.

பாலினக் குரோமோசோம் என்றதும் எல்லோரும் எக்ஸ், ஒய் தெளிவாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். மீனில் பெரும்பாலும் தெரியாது. புது மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஜிலேபிக் கெண்டை. 1952இல் இந்தியாவுக்கு வந்து எல்லா ஏரியிலும் பெருகிவிட்ட திலேப்பியா. கேட்டவுடன் கிடைக்கும், சாகாது, 44 குரோமோசோம். அதில் ஒரு ஜோடி மற்றதைவிட எடுப்பாக நீளம். அதைப் பார்த்ததும் மாணவர்கள் இதுதான் பாலினக் குரோமோசோம் என்று துள்ளுவார்கள். ஆணிலும் பெண்ணிலும் எடுத்து அருகருகே வைத்தால் நீளம் ஒன்றுதான். ஆனால் பாலின ஏற்பாடு உள்ளே இருக்கிறது. நைல் திலேப்பியாவில் எக்ஸ்-ஒய், அதன் நெருங்கிய உறவான நீலத் திலேப்பியாவில் பறவைகளைப் போல இசட்-டபிள்யூ. நைல் பெண்ணையும் நீல ஆணையும் சேர்த்தால் பெரும்பாலும் ஆண்குஞ்சுகள் வரும். பண்ணைக்காரர்களுக்கு அது லாபம், ஆண்தான் வேகமாக வளரும். லென்ஸில் ஒன்றும் தெரியாத இடத்தில்தான் இவ்வளவு வியாபாரம் நடக்கிறது.

கொளத்தூர் கடைகளில் பாலிதீன் பையில் விற்கும் வரி டேனியோ மீனை நினைத்துக்கொள்ளுங்கள். கங்கை வடிநிலத்து ஓடை மீன், அதுவும் 50 குரோமோசோம். உலக ஆய்வகங்களில் வெள்ளெலிக்கு அடுத்தபடி அதிகம் வளர்க்கப்படும் உயிர்களில் ஒன்று. 2013இல் அதன் முழு மரபணுத் தொகுதியும் வெளிவந்தது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதில் இணை உண்டு. ஆனால் ஆண் பெண் எப்படித் தீர்மானமாகிறது என்பது மட்டும் ஆய்வக மீன்களில் பிடிபடவேயில்லை. 2014இல் ஆற்றிலிருந்து புதிதாகப் பிடித்த மீன்களைப் பார்த்தபோது நான்காவது குரோமோசோமின் நுனியில் அது தெளிவாக இருந்தது. அதிகம் புழங்கும் ஆய்வக வம்சங்கள் தொட்டியில் பழகிய காலத்தில் அதைத் தொலைத்திருந்தன. தொட்டியில் அடைத்தால் மீன் எதை இழக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு கதையைத்தான் சொல்வேன்.

இந்தக் கதை எங்களைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருகிறது. ஹிராலால் சௌதுரி 1957 ஜூலை 10இல் ஒடிசாவில் பிட்யூட்டரி ஊசி போட்டு கெண்டையை முட்டையிட வைத்தார். அதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வரும்போது குஞ்சைப் பிடித்தால்தான் உண்டு. இன்று நாம் சாப்பிடும் ரோகுவும் கட்லாவும் ஊசிக் குஞ்சுகள்தான். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் விட்டு முட்டை எடுத்தால் இரண்டும் கலந்துவிடும். இரண்டுக்கும் 50, கலப்புக்கும் 50, கலப்பு மலடும் இல்லை, மறுபடி இனம் பெருக்கும். எங்கள் நுண்ணோக்கி இங்கே கைவிரித்துவிடும். கெளுத்தியில் கொஞ்சம் பரவாயில்லை. தாய்லாந்துக் கெளுத்தி ஒன்றுக்கு 54, ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 56, பண்ணையில் வளர்க்கும் கலப்புக்கு 55. ஒரு ஸ்லைடில் உண்மை வெளிவந்துவிடும். அப்படியிருந்தும் அங்கே ஆப்பிரிக்க மீனின் மரபணு ஆற்று மீனுக்குள் நுழைந்திருப்பது பதிவாகியிருக்கிறது. 50-50 கலப்பில் அந்த எச்சரிக்கைகூட இல்லை. எண்ணிக்கை வேறென்றால் மீன் வேறு என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். எண்ணிக்கை ஒன்றென்றால் எதுவும் சொல்லக் கூடாது. என் தொழிலின் எல்லை இது. அதற்கு மேல் டி.என்.ஏ.க்காரர்களிடம் போய் நிற்க வேண்டும். நின்றிருக்கிறேன்.

கலப்பைவிடச் சத்தமில்லாமல் நடப்பது குறுகல். ஒரு பொரிப்பகத்தில் 20 பெண்மீன், 2 ஆண்மீன் வைத்துக் குஞ்சு எடுக்கிறார்கள் என்று வையுங்கள். விந்து நிறைய வருகிறது, இரண்டு ஆண் போதும் என்பார்கள். 22 மீன் இருக்கின்றன என்று கணக்குப் புத்தகம் சொல்லும். மரபியல் கணக்கில் ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 160ஐ 22ஆல் வகுத்தால் ஏழு சொச்சம். பெயருக்கு 22, செயலுக்கு 7. ஒரே தலைமுறையில் உறவுக்கலப்பு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. அந்தக் குஞ்சுகளிலிருந்தே அடுத்த தாய்மீன்களை எடுத்தால் சில தலைமுறையில் வளைந்த முதுகும் குறைந்த பொரிப்பும் கண்ணுக்கே தெரியும். கொளத்தூரில் கப்பி வளர்க்கும் பழைய ஆட்கள் எந்தச் சூத்திரமும் படிக்காமல் இதை அறிந்திருக்கிறார்கள். அவ்வப்போது வேறொருவரிடம் ஆண் மாற்றிக்கொள்வார்கள்.

சரியாகச் செய்த உதாரணமும் உண்டு. புவனேஸ்வரில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992இல் நார்வே ஆய்வாளர்களோடு சேர்ந்து ரோகுவை மேம்படுத்தத் தொடங்கியபோது, ஒரு குளத்து மீனோடு நிற்கவில்லை. கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் ஆகிய ஆறுகளின் ரோகுவையும் பண்ணை ரோகுவையும் சேர்த்து அடித்தளம் போட்டார்கள். பல்வகைமை கையிலிருந்ததால்தான் தலைமுறைக்குத் தலைமுறை தேர்ந்தெடுக்க இடமிருந்தது. 1997இல் அது ஜெயந்தி ரோகு என்று வெளிவந்தது.

மஹ்சீரில் நடந்தது வேறு. அந்த மீன்களுக்கு 100 குரோமோசோம். முன்னொரு காலத்தில் முழுத் தொகுதியும் இரட்டித்து வந்த எண் அது. காவிரியில் திமில் வைத்த பெரிய மஹ்சீர் ஒன்று உண்டு. தூண்டில்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகைப்படம் எடுத்துவந்தும் அதற்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லாமலே இருந்தது. இதற்கிடையில் லோனாவாலாவில் டாடா பவர் பொரிப்பகத்தில் 1970கள் முதல் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகள் நல்லெண்ணத்தோடு பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும். 2018இல்தான் பிண்டர் குழுவினர் மோயாற்றில் எஞ்சியிருந்த மீன்களின் டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் பார்த்து, திமில் மஹ்சீர் என்பது டோர் ரெமாதேவி என்று உறுதி செய்தார்கள். கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட இனம் அது. அதற்குள் காவிரியின் பெரும்பகுதியில் வந்த மீன் பெருகி, இருந்த மீன் அருகிவிட்டது. இன்று அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். பெயர் வைப்பதற்கு முன்பே மாற்றிவிட்டோம் என்பதுதான் நடந்தது. ஆற்றில் மீன் விடுவது என்றால் எல்லோருக்கும் புண்ணியம் சேர்ப்பதுபோல ஒரு நினைப்பு. படம் எடுத்துக்கொள்ளவும் நன்றாக இருக்கும். எந்த ஆற்று மீன், எந்தத் தாயிடமிருந்து வந்தது என்று கேட்பவரைத்தான் விழா மேடையில் யாருக்கும் பிடிப்பதில்லை.

இப்போது துடுப்பின் சின்னத் துண்டிலிருந்தே செல் வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடிகிறது. மீனைக் கொல்ல வேண்டியதில்லை, அரிய இனங்களுக்கு அதுவே வழி. வெள்ளி நைட்ரேட் சாயத்தில் கை கறுத்துத் திரிந்த எங்கள் காலம் போய், ஒளிரும் குறியீடுகள் வந்துவிட்டன. இருந்தாலும் செல்லை எடுப்பதும், துளியை விடுவதும், சளைக்காமல் எண்ணுவதும் கைவேலைதான். அதைக் கற்க வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். மாதிரியை அனுப்பினால் நிறுவனம் ஒன்று வரிசையாக எழுதித் தந்துவிடுகிறது, எதற்கு வியர்வை என்கிறார்கள். அந்த எழுத்துகள் எந்தக் குரோமோசோமில், எந்தக் கையில், எந்த வரிசையில் கிடக்கின்றன என்பதை இன்றும் ஸ்லைடில் வைத்துச் சரிபார்க்கிறார்கள் என்பதை அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குளத்துக்கோ ஏரிக்கோ குஞ்சு வாங்கும் பஞ்சாயத்துக்காரர்களிடமும் விவசாயிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விலையும் எண்ணிக்கையும் பேசும்போதே தாய்மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது, எத்தனை ஆண் எத்தனை பெண், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பொரிப்பகத்தில் கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.